விடுபட்ட மதிப்பு

‘விடு’ என்னும் வினையோடு ‘படு’ சேர்ந்தமைந்து, தளையிலிருந்து நீங்குதல் என்ற பொருளையும் உடைய ‘விடுபடு’ என்பதன் பெயரெச்சமான ‘விடுபட்ட’, புள்ளியியலில், பதிவாகியிருக்க வேண்டியும் பதிவாகாமற்போன ஒன்றைக் குறிக்கும். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காதபோதும் அவ்வெண்களைப் பிற பாடல்களுக்கு வழங்காத பதிப்பு மரபு இதற்குத் தக்க முன்மாதிரி. பிள்ளையார்குப்பத்து மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நடக்கும் ஆய்வொன்றில், நோயாளி நாளொன்றுக்குப் புகைக்கும் பீடிகளின் எண்ணிக்கை கேட்கப்படாமல் விடுபட்டிருக்க, அக்கட்டத்தில் சுழியம் இடுவது பெரும்பிழை. ஏனெனில் சுழியம் அவரைப் புகைக்காதவர் ஆக்கிவிடும். ஆதலின் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் அங்கே ஒரு புள்ளியை இட, ஆர் மென்பொருளோ ‘என்ஏ’ என்னும் தனிக்குறியை வைத்து, அக்குறி கலந்த எண்களுக்குச் சராசரி கேட்டால், விடுபட்டவற்றை நீக்குமாறு வெளிப்படையாகக் கட்டளையிடும்வரை, விடையையும் ‘என்ஏ’ என்றே தருகிறது.