தாதியின் கண்முன் மாத்திரை: காசநோய்ச் சிகிச்சையில் கண்காணிப்பு ஏன்?

காசநோய் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோய். ஆனால், சிகிச்சை வழக்கமாக ஆறு மாதங்கள் நீடிக்கும். முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதங்களுக்கு அவற்றில் முதல் இரண்டும் தரப்படுவது வழக்கம்.

சிக்கல் இடையில்தான் தொடங்குகிறது. சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும், உடல் எடை கூடும். ‘குணமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?’ என்று பலருக்குத் தோன்றும். ஆனால், மெதுவாகப் பெருகும் கிருமிகள் உடலில் எஞ்சியிருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். அதற்கான சிகிச்சை கடினமானது, செலவும் பக்கவிளைவுகளும் அதிகம்.

சென்னையில் கிடைத்த பாடம்

1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவமனையில் தங்கியிருப்பவர்களைப் போலவே குணமடைவதாக 1959ல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. கையில் கொடுத்தனுப்பும் மாத்திரைகளை எல்லாரும் தவறாமல் விழுங்குவதில்லை என்பதும் தெரியவந்தது. அதனால், சுகாதார ஊழியர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறை அங்கு ஆராயப்பட்டது. 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் அம்முறையை உலகெங்கும் பரிந்துரைத்தது.

சிங்கப்பூரில்

இங்கு 1997ல் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து இம்முறை முக்கிய இடம் பெற்றுள்ளது. நோயாளி வீட்டுக்கு அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, தாதியர் முன்னிலையில் மாத்திரைகளை விழுங்குவார். நடமாட முடியாதவர்களுக்கு இல்லத்திற்கே சென்று கொடுக்கும் ஏற்பாடும் காணொளிவழிக் கண்காணிப்பும் உண்டு.

இது வெறும் காவல் அன்று. வாந்தி, மங்கலான பார்வை, கண் மஞ்சளாதல் போன்ற பக்கவிளைவுகளைத் தாதியர் உடனே கவனித்து மருத்துவரிடம் தெரிவிக்க முடியும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. அதற்காக அஞ்சி மருந்தை நிறுத்தக்கூடாது.

மாதக்கணக்கில் மருந்தகத்துக்குச் சென்றுவருவது எளிதன்று. வேலை நேரம் இடிக்கும். நாள் சம்பளக்காரருக்கு வருமானம் குறையும். ‘அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமோ’ என்ற தயக்கமும் இருக்கும். முதலாளி நேரம் ஒதுக்கித் தருவதும் குடும்பத்தார் உடன் செல்வதும் பெரும் உதவி.

முறையாக மருந்து உட்கொண்டால், பெரும்பாலோரிடமிருந்து சுமார் இரண்டு வாரங்களில் நோய் பரவும் அபாயம் நீங்கிவிடும். தட்டு, கரண்டி, துணிமணி வழியாகக் காசநோய் பரவாது. எனவே, வீட்டில் தனித் தட்டு வைத்து ஒருவரை ஒதுக்கத் தேவையில்லை. இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று அன்போடு கேட்டாலே போதும்.