நீச்சல்குள நீர்ச் சீரமைப்பு

பராமரிப்பின்றிப் பாசி பிடித்த வீட்டு நீச்சல்குளத்து நீரைத் தெளியவைத்து, அதன் வேதிச் சமநிலையை மீட்கும் முறை. கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை, குளத்தின் குளோரினையும் காரத்தன்மையையும் நீர்த்துப்போகச் செய்கிறது. அழுகும் சருகுகள் பாசிக்கு உரமாகின்றன.

முதலில் சருகையும் சேற்றையும் அகற்றிச் சுவர்களைத் தேய்க்க வேண்டும். நீரின் அமில-கார அளவான பிஹெச் மிகுந்தால் குளோரினின் கிருமிக்கொல்லித் திறன் குன்றும். எனவே பிஹெச்சை 7.2 அளவுக்குக் கொண்டுவந்தபின் குளோரின் கூடுதலாக இடப்படுகிறது. வெயில் குளோரினைச் சிதைப்பதால் மாலைவேளையே ஏற்றது. நீர் தெளியும்வரை வடிகட்டியை இடைவிடாது இயக்கி, அவ்வப்போது எதிரோட்டத்தில் கழுவ வேண்டும்.

சமநிலை நீரில் பிஹெச் 7.2–7.8, தனிக்குளோரின் (பிற பொருள்களுடன் சேராத குளோரின்) லிட்டருக்கு 1–3 மில்லிகிராம், காரத்தன்மை 80–120 மில்லிகிராம் இருக்கும். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.