வாய்க்காலும் வான்மழையும்

வயலுக்கு நீர் வந்து சேர இரு வழிகள் உண்டு. ஒன்று குளத்திலிருந்து வெட்டப்பட்ட வாய்க்கால். மற்றையது வானிலிருந்து பொழியும் மழை. வாய்க்கால் தான் செல்லும் வழியிலுள்ள வயல்களுக்கே பயன்படும். மழையோ மேடு பள்ளம் பாராது பெய்யும். தொலைக்காட்சி வீடுகளை வந்தடைந்த வரலாறும் இத்தன்மையதே. கேபிள் எனப்படும் வடம் வாய்க்காலை ஒத்தது. செய்மதி மழையை ஒத்தது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று பலரும் வினவுவர். வரலாற்றை நோக்கின், கேட்கவேண்டிய வினா வேறொன்று என்பது புலனாகும்.

வடத்தின் கதை மலைகளிடையே தொடங்குகின்றது. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. மலை குறுக்கிட்டால் அதற்கப்பாலுள்ள பள்ளத்தாக்கை அவை நன்கு எட்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் பெருநகரங்களில் தொலைக்காட்சி நிலையங்கள் எழுந்தன. ஆயின் 1948 செப்டெம்பர் முதல் 1952 ஏப்ரல் வரை புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை அந்நாட்டு அரசாங்க ஆணைக்குழு நிறுத்தி வைத்திருந்தது. சிற்றூர் மக்கள் அயல் நகரத்து அலைகளையே நம்பியிருக்க நேர்ந்தது.

ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்பவர், 1948 நவம்பரில், ஒரு ஹோட்டலின் கூரைமீது ஏரியலை நாட்டி, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சியாட்டில் நகரின் ஒளிபரப்பைப் பிடித்து, வடத்தின் வழியாகத் தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். படம் பார்க்க ஊரார் அங்கே வந்து குவிந்தனர். பின்னர் அவர்தம் வீடுகளுக்கும் வடம் நீண்டது. பென்சில்வேனியா மாநிலத்து மஹனோய் சிற்றி என்னும் சுரங்க ஊரில் மின்சாதனக் கடை நடத்திய ஜோன் வால்சனும் அதே ஆண்டில் மலைமீது ஏரியல் அமைத்து ஊருக்குள் வடம் இழுத்தார் என்பர். படம் தெரியாத ஊரில் பெட்டியை யார் வாங்குவர் என்பதே அவர் கவலை. இருவருள் முந்தியவர் யார் என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எவராயினும், வடத்தின் மறுமுனையில் நின்றவர் ஊரார் அறிந்த மனிதர்.

செய்மதியின் கதை ஒரு கட்டுரையில் முளைத்தது. 1945 ஒக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில், பூமியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்களை வானில் நிறுத்தினால் உலகமெங்கும் ஒளிபரப்பலாம் என விளக்கினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் செய்மதி ஒரு நாளில் ஒரு சுற்று முடிப்பதால், நிலத்தில் நிற்பவர்க்கு அது அசையாது நிற்பதுபோலத் தோன்றும். 1956இல் கிளார்க் இலங்கையிற் குடியேறினார். 1962இல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் தாழ்ந்த பாதையில் விரைந்து ஓடியமையால், அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் சிறிது நேரமே இணைக்க முடிந்தது. 1964இல் சின்கொம்-3 ஓரிடத்தில் நிலைத்து நின்று டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அஞ்சல் செய்தது.

1975ஆம் ஆண்டில் இவ்வரலாறு இரு கிளையாகப் பிரிந்தது. அமெரிக்காவில், மணிலாவில் நடைபெற்ற முகம்மது அலி, ஜோ பிரேசியர் குத்துச்சண்டையை ஹோம் பொக்ஸ் ஒபிஸ் நிறுவனம் செய்மதி வழியாகக் கேபிள் நிலையங்களுக்கு அனுப்பியது. மழைநீரை வாய்க்காலிற் பாய்ச்சியதுபோல், போட்டியாளர் எனக் கருதப்பட்ட இருவரும் பங்காளிகளாயினர்.

இந்தியாவிலோ வாய்க்காலே இல்லாத இடத்தில் மழை பெய்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி முதல், அமெரிக்காவின் ஏரிஎஸ்-6 செய்மதி, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு உழவு, சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளை வழங்கியது. சுமார் 10 அடி விட்டமுள்ள கம்பிவலைக் கிண்ணங்கள் அலைகளை ஏந்தின. கொழும்பில் கிளார்க் இல்லத்திலும் அத்தகைய கருவியொன்று பொருத்தப்பட்டது. பல நகரங்களே காணாத காட்சியை மின்விளக்கும் அரிதான ஊர்கள் கண்டன. ஆயினும் 1976 ஜூலை இறுதியில் குறித்த தவணை முடிந்தது. செய்மதி பிறர் உடைமை. அது தன்னிடம் விட்டகன்றது. கிராமத்தார் முறையிட ஊருக்குள் ஒருவரும் இல்லை. சொந்தமாக ஒரு செய்மதி வேண்டும் என்னும் உறுதி இவ்வனுபவத்தால் வலுப்பெற்றது. 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டபின் இந்தியத் தொலைக்காட்சி நாடெங்கும் பரவலாயிற்று.

1991இல் ஸ்டார் தொலைக்காட்சி ஏசியாசாட்-1 வழியாக ஆசியாவை எட்டியபோது, இந்திய நகரங்களில் தெருவுக்குத் தெரு கேபிள்காரர் தோன்றினர். மாடியிற் கிண்ணம், மரத்துக்கு மரம் வடம், மாதந்தோறும் கட்டணம் என்பதே அவர்தம் தொழில். இத்தொழிலை ஒழுங்குபடுத்த 1995இல் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுக்கு வீடு சிறு கிண்ணம் வைக்கும் சேவை அமெரிக்காவில் 1994இல் பரவத் தொடங்கி, இந்தியாவை 2003இல் எட்டியது.

இரண்டுக்கும் நிறையும் குறையும் உள. வடத்திற் செல்லுந்தோறும் அலை மெலியும். இடையிடையே பெருக்கிகள் வேண்டும். ஒன்று பழுதானால் அதற்கு அப்பாலுள்ள வீடுகளெல்லாம் இருளும். வீடுகள் நெருங்கிய இடத்திற் செலவு குறைவு. தனித்த வீட்டுக்கு வடம் இழுக்க எவரும் முன்வரார். செய்மதிக்கோ ஒரு வீடும் ஓராயிரம் வீடும் ஒரே தொலைவு. எனினும் பெருமழை பெய்தால் சிறு கிண்ணத்திற் படம் சிதறும். வடத்தின் வழியே வீட்டிலிருந்து மறுமொழியும் விரைந்து செல்லும். அதனாலேயே பின்னாளில் இணையமும் அதே வடத்திற் பயணஞ் செய்தது.

ஆகவே, வானா வடமா என்பதன்று வினா. கடைமடை வயலுக்கு நீர் சென்றதா, மதகின் திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பனவே வினாக்கள். கேபிள் முதலாவதில் தவறியது. 2,400 கிராமங்களின் செய்மதி இரண்டாவதில் தவறியது. நாளை எவ்வழி தோன்றினும் இவ்விரு வினாக்களுக்கும் அது விடையிறுத்தே ஆகவேண்டும்.