இருவிசை வண்டியும் எரிபொருட் சிக்கனமும்

பெட்ரோல் இயந்திரத்தையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியிற் பூட்டி ஓட்டும் முறையை மக்கள் 'ஹைபிரிட்' என வழங்குகின்றனர். இருவிசை வண்டி எனத் தமிழில் இதனைக் கூறலாம். இஃது அண்மைக் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இதன் வரலாறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எண்ணெய் மலிந்தபோது மறக்கப்பட்டும், அருகியபோது தேடப்பட்டும் வந்த வரலாறு அது.

தொடக்கம்

1900ஆம் ஆண்டில், வியன்னா நகரின் லோனர் வண்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெர்டினாண்டு போர்ஷே என்னும் இருபத்தைந்து வயது இளைஞர், 'செம்பர் விவுஸ்' என்ற வண்டியை அமைத்தார். 'என்றும் உயிருடையது' என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். அதன் சக்கரங்களைச் சுழற்றியவை மின்மோட்டார்களே. பெட்ரோல் இயந்திரங்கள் மின்சாரத்தை உண்டாக்கித் தருவதோடு நின்றன. அந்நாளில் எண்ணெயைச் சேமிப்பது நோக்கமன்று. மின்கலம் தீர்ந்து வண்டி நடுவழியில் நிற்காதிருப்பதே நோக்கம்.

முதல் உலகப் போர்க் காலத்தில், சிக்காகோ நகரின் வூட்ஸ் நிறுவனம் 'டூயல் பவர்' என்னும் இருவிசைக் காரை விற்றது. மணிக்கு 20 மைல் வரை மின்சாரம் இழுக்கும். அதற்கு மேல் பெட்ரோல் இயந்திரமும் துணைக்கு வரும். ஆயினும் அதன் விலை 2,600 டாலருக்கு மேல். போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் 1916ஆம் ஆண்டில் 400 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. மேலும், 1912இல் கேடிலாக் கார்களில் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் பொறி வந்தது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கவே, பெட்ரோல் கார் எளிதாயிற்று. இவ்வாறு மின்சாரமே மின்சார வண்டியின் வீழ்ச்சிக்குத் துணை செய்தது!

தட்டுப்பாடு கற்பித்தவை

1942இல் அமெரிக்க அரசு, வண்டிகள் மணிக்கு 35 மைலுக்கு மேல் செல்லலாகாது என விதித்தது. பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. எண்ணெய் இல்லாமையன்று அதற்கு முதற் காரணம். சப்பானியர் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்றியதால் ரப்பர் வரவு அறுந்தமையே காரணம். தமிழ்த் தொழிலாளர் பால்மரம் சீவிய தோட்டங்களின் விளைவு நின்றபோது, கடல் கடந்த நாட்டின் கார்கள் மெல்ல நடக்க நேர்ந்தது.

1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலராயிருந்த விலை, 1974 தொடக்கத்திற்குள் 12 டாலரை நெருங்கியது. அப்போது விக்டர் வூக் என்னும் பொறியியலறிஞர் ஒரு பியூக் காரை இருவிசை வண்டியாக மாற்றிச் சோதனைக்கு அளித்திருந்தார். அரசு அதனை ஏற்கவில்லை. நல்ல விதை, ஆனால் நிலம் வாய்க்கவில்லை.

பிரியஸ்

சப்பானின் டொயோட்டா நிறுவனம் 1993இல் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. டக்கேஷி உச்சியமாடா அதற்குத் தலைமை ஏற்றார். எண்ணெய்ச் சிக்கனத்தை இருமடங்காக்க வேண்டும் என்ற இலக்கு வந்ததும், இருவிசை தவிர வேறு வழியில்லை எனக் கண்டனர். முதல் மாதிரி வண்டி 49 நாள்கள் அசையவேயில்லை. எனினும் 1997 டிசம்பரில் 'பிரியஸ்' விற்பனைக்கு வந்தது.

அதன் சிக்கனத்திற்குக் காரணங்கள் மூன்று. வண்டி நிற்கும்போது இயந்திரமும் நின்றுவிடும். பிரேக் பிடிக்கையில் வெப்பமாய் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாகி மின்கலத்திற் சேரும். மூன்றாவது, 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்னும் ஆங்கிலேயர் கண்ட முறை. எரிந்த வாயு விரியும் அளவு, காற்று அமுக்கப்படும் அளவினும் மிகுவதால், அதே எண்ணெயில் கூடுதல் வேலை கிடைக்கும். அதனால் குறையும் வலிமையை மின்மோட்டார் ஈடு செய்யும்.

ஓட்டுநரின் கால்

ஆயினும் பொறி மட்டும் போதவில்லை. இரண்டாம் தலைமுறைப் பிரியஸ், அமெரிக்கக் கேலனுக்கு நகரில் 60 மைலும் நெடுஞ்சாலையில் 51 மைலும் ஓடும் என அரசுச் சோதனை கூறியது. உரிமையாளர் பலருக்கு அவ்வளவு கிட்டவில்லை. 2008ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து சோதனை முறை திருத்தப்பட, அவ்வெண்கள் 48 என்றும் 45 என்றும் இறங்கின.

ஆனால் 2005இல் பிட்ஸ்பர்க் நகரில் ஐவர் மாறி மாறி ஓட்டி, ஒரு தொட்டி எண்ணெயில் அதே வகைப் பிரியஸை 1,397 மைல் செலுத்தினர். கேலனுக்கு ஏறத்தாழ 109 மைல்! மணிக்கு 40 மைல் அளவுக்கு விரைவை ஏற்றி, இயந்திரமும் எரியாமல் மின்கலமும் ஈடுபடாமல் வண்டியை வழுக்கவிட்டு, விரைவு குறைந்ததும் மீண்டும் ஏற்றுவது அவர்கள் கையாண்ட முறை. ஆற்றல் மின்கலத்துட் சென்று மீளும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது குறையும். ஆதலின் பிரேக்கினால் மீட்பதினும், பிரேக் வேண்டாதபடி ஓட்டுவதே மேலானது.

போக்குவரத்து மிகுந்த தெருவில் இதனை அப்படியே பின்பற்றுவது இடர். லாரியின் பின்னே ஒட்டிச் செல்வதும், டயரில் அளவு மீறிக் காற்றடைப்பதும் அவ்வாறே. எவரும் செய்யத்தக்கவை வேறு உண்டு: சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு மிதியினின்று காலை எடுத்தல், டயர்க் காற்றைச் சரியளவில் வைத்தல், குறும்பயணங்களை ஒன்றாக இணைத்து, இயந்திரம் குளிர்ந்த நிலையில் கிளம்புவதைக் குறைத்தல், நெடுஞ்சாலையில் விரைவைக் கட்டுதல். மணிக்கு 80 கிலோமீட்டரினின்று 100க்கு ஏறினால், காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் மிகும்.

போர்ஷேயின் வண்டி தோன்றியபோது இல்லாத நுண்பொறிகள் இன்று உண்டு. ஆயினும் ஒரே வகை வண்டி ஒருவரிடம் 45 மைலும் மற்றொருவரிடம் 109 மைலும் ஓடியிருக்கிறது. இடைப்பட்ட அந்த 64 மைல் பட்டறையில் ஆக்கப்பட்டதன்று. ஓட்டுநரின் காலடியில் பிறந்தது. சிக்கனம் கருவியின் குணம் மட்டுமன்று, மனிதரின் பழக்கமுமாகும் என்பதே இவ்வரலாறு தரும் தெளிவு.