ஏழைப் பையனின் ரொட்டி

வரலாறு ஏடுகளில் மட்டும் வாழ்வதன்று. எளியோர் உண்ணும் உணவிலும் அது உறைந்து கிடக்கும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், தெருவோர உணவு வண்டி ஒன்றின் முன் நின்று ஒரு ரொட்டியை வாங்கி உண்டபோது இவ்வுண்மையை நான் உணர்ந்தேன்.

நீண்ட பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, சோளமாவில் புரட்டிப் பொரித்த இறால்களை நிறைத்து, தக்காளியும் சாலட் இலையும் ஊறிய வெள்ளரியும் அடுக்கித் தந்தனர். மேலோடு மொறுமொறுத்தது; உள்ளே பஞ்சென மென்மை. அதன் பெயர் 'போ பாய்'. 'ஏழைப் பையன்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரே மக்கள் நாவில் இவ்வாறு மருவிற்று. சுவைமிக்க உணவுக்கு இப்பெயர் வந்தது ஏன்?

பொரித்த சிப்பிகளை ரொட்டியில் வைத்து உண்ணும் வழக்கம் அந்நகரில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆயினும், பெயர் பிறந்தது 1929ஆம் ஆண்டில் என்பர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் டிராம் வண்டித் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். நிறுவனம் வெளியூர் ஆட்களைக் கொண்டு வண்டிகளை ஓட்ட முற்பட்டது. கலவரம் மூண்டது, வண்டிகள் எரிக்கப்பட்டன. ஊதியமிழந்த தொழிலாளரைப் பசி சூழ்ந்தது.

அப்போது உணவுக்கடை நடத்திவந்த பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்னும் உடன்பிறந்தார் இருவரும் முன்னாளில் டிராம் நடத்துநராய் இருந்தவர்கள். போராடும் சங்கத்தினர்க்கு உணவு இலவசம் என அவர்கள் எழுதித் தந்தனர். பசியோடு ஒரு தொழிலாளி வரக் கண்டால், 'இதோ இன்னுமோர் ஏழைப் பையன்' என்று கடையிலுள்ளோர் கூறுவராம். வழக்கமான ரொட்டியின் நுனிகள் குறுகியிருந்தமையால் துண்டுகள் ஒத்த அளவினவாய் அமையவில்லை. ஆகவே, ஜான் ஜெண்டூசா என்னும் ரொட்டிக்கடைக்காரர், முனைமுதல் முனைவரை ஒரே அகலமுள்ள நீண்ட ரொட்டியைச் செய்து தந்தார். எவர்க்கும் குறையாத சமபங்கு இவ்வாறு கிட்டிற்று.

வேலை நிறுத்தம் தோல்வியுற்றது. எனினும், இரக்கத்தால் இட்ட பெயர் இழிவாகாமல் நகரத்தின் பெருமையாய் நிலைத்தது. தோற்றவரின் பெயர் இன்றும் உணவு வண்டிகளின் முன் நாள்தோறும் ஒலிக்கிறது.

மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம், மன்னர் பட்டியலோடு நின்றுவிடலாகாது. தம் வீட்டு அடுக்களையிலுள்ள ஒரு பண்டத்திற்கு அப்பெயர் எங்ஙனம் வந்ததென அவர்களை வினவச் செய்வோம். விடை தேடிச் செல்லும் மாணவன், ஏடுகள் எழுத மறந்த மனிதரை அங்கே காண்பான்.