கெர்ரியின் பதினைவர்

ஊதியம் பெறாமல் ஆடும் அணிகளில் ஒற்றுமை எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்விக்கு நட்பு, தலைவரின் ஆளுமை, பொது இலட்சியம் என்ற விடைகளே வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கெர்ரி மாவட்டத்தின் கால்பந்து வரலாறு, அதிலும் 1922க்கும் 1932க்கும் இடைப்பட்ட பத்தாண்டு, இந்த விடைகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. ஒருவரையொருவர் கொல்லத் தேடிய படைகளைச் சேர்ந்தவர்கள் ஓராண்டு இடைவெளியில் ஒரே சட்டையை அணிந்து களமிறங்கியதற்கு அவர்களுடைய மன மாற்றத்தைக் காரணமாகக் காட்டுவதைவிட, அவர்கள் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிட்ட சில விதிகளையும் வழக்கங்களையும் காட்டுவதே பொருத்தமாகும்.

அவ்விதிகளை வகுத்தது கெய்லிக் தடகளச் சங்கம் ஆகும். கிரிக்கெட், ரக்பி முதலிய ஆங்கில ஆட்டங்கள் அயர்லாந்தில் பரவிவந்த காலத்தில், நாட்டின் சொந்த ஆட்டங்களை மீட்கும் நோக்கத்தோடு மைக்கேல் கியூசாக் முதலியோர் 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஒரு விடுதியில் கூடி இதனை நிறுவினர். வளைந்த மட்டையால் ஆடப்படும் ஹர்லிங்கும், பந்தைக் கையாலும் காலாலும் கையாள இடம் தரும் கெய்லிக் கால்பந்தும் இதன் தலையாய ஆட்டங்கள். இக்கால்பந்தில் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்து சென்றால் அது ஒரு கோல். அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்துக்கு மேலே கம்பங்களுக்கு இடையில் சென்றால் அக்காலத்தில் ஒரு புள்ளி. தொடக்கத்தில் அணிக்கு 21 பேர் ஆடினர். 1892இல் இது 17 ஆகவும், 1913இல் 15 ஆகவும் குறைக்கப்பட்டது.

ஆட்டக்காரருக்கு ஊதியம் இல்லை என்பது சங்கத்தின் கொள்கை. கழகங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஒரே கோவிலைச் சார்ந்த ஊர்ப்பகுதியை, அடிப்படையாகக் கொண்டு அமைந்தன. இவ்விரண்டும் சேர்ந்ததால் விளைந்த பயன் பெரிது. திறமையாளன் ஒருவனைப் பணம் கொடுத்து வேற்றூரிலிருந்து அழைத்து வரவும் இயலாது, பிடிக்காத தோழனை விட்டு வேறு அணிக்கு எளிதில் போகவும் இயலாது. களத்தில் பந்தைத் தட்டிக்கொடுப்பவனே ஞாயிறு பூசையிலும் சந்தையிலும் வைக்கோல் போரடியிலும் எதிர்ப்படுபவனாக இருந்தான். அணி உணர்வு என்று பின்னாளில் போற்றப்பட்டதில் ஒரு பகுதி, வெளியேறும் வழி இல்லாமையே என்று சொன்னால் அது மிகையாகாது.

பங்குக் கழகத்துக்கு மேலே மாவட்ட அணி இருந்தது. முதலில் மாவட்டப் போட்டியில் வென்ற கழகமே மாவட்டத்தின் பெயரால் அயர்லாந்துப் பட்டத்துக்கு ஆடியது. 1892 முதல் அக்கழகம் பிற கழகங்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள இடம் அளிக்கப்பட்டது. போட்டிக் கழகத்தாரைச் சேர்த்துக்கொண்டாலும் வென்ற கழகத்தின் உரிமை முற்றும் மறையவில்லை: கெர்ரியில் மாவட்ட அணியின் தலைவரைக் குறிக்கும் உரிமை அவ்வாண்டின் மாவட்ட வாகையரிடமே இருந்தது. தேர்வாளர்களோ ஆட்டக்காரர்களோ தலைவரைத் தேர்ந்தெடுக்காத இவ்வழக்கம் இன்றைய பயிற்சியாளருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இது பின்னர் எதிர்பாராத வகையில் உதவியது.

கெர்ரிக்காரரின் கூட்டுப் பிடிவாதத்துக்கு 1910ஆம் ஆண்டின் இறுதியாட்டம் பழைய சான்று. ஆதரவாளர்களுக்குச் சலுகைக் கட்டணம் தர இரயில் நிறுவனம் மறுத்ததால் அணி டப்ளினுக்குப் புறப்படவே இல்லை. பட்டம் ஆடாமலேயே லௌத் மாவட்டத்துக்குப் போயிற்று. பட்டத்தை இழந்தாலும் தம்மவரை விட்டுச் செல்வதில்லை என்ற இம்முடிவை அறிவுடைமை என்பதா அகந்தை என்பதா என்பது வாசிப்பவரின் மனப்பாங்கைப் பொறுத்தது.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஏற்பட்ட உடன்படிக்கை நாட்டைப் பிளந்தது. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும் தன்னாட்சியை ஏற்றவர்கள் சுதந்திர அரசின் பக்கம் நின்றனர். முழுக் குடியரசைத் தவிர வேறெதையும் ஏற்காதவர்கள் குடியரசுவாதிகள் எனப்பட்டனர். 1922 ஜூனில் தொடங்கி 1923 மே வரை நீண்ட உள்நாட்டுப் போர் கெர்ரியில் கொடிதாக நிகழ்ந்தது. 1923 மார்ச் 6 அன்று நாக்னகோஷலில் பொறிக் கண்ணிவெடி ஒன்றில் அரசுப் படையினர் ஐவர் மாண்டனர். மறுநாள் டிராலி நகருக்கு அருகே பாலிசீடியில் குடியரசுக் கைதிகள் ஒன்பது பேர் ஒரு கண்ணிவெடியைச் சுற்றிக் கட்டப்பட்டு வெடிக்கச் செய்யப்பட, எண்மர் இறந்து ஒருவர் மட்டும் தப்பினார். கில்லார்னியில் அன்றும் கஹர்சிவீனில் அடுத்த சில நாட்களுக்குள்ளும் இதே முறை கையாளப்பட்டது. இறந்தவரும் கொன்றவரும் பக்கத்துப் பக்கத்துப் பங்குகளைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடிய சிறிய மாவட்டத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பின்வருவதைப் புரிந்துகொள்ள இயலாது.

போர் ஓய்ந்தபோது சிறந்த கால்பந்தாட்டக்காரர் பலர் சிறையில் இருந்தனர். சிலர் தலைமறைவாக இருந்தனர். 1924இன் தொடக்கத்தில், விடுதலையான கைதிகளின் அணி ஒன்று மாவட்ட அணியோடு டிராலியில் மோதியது. இருதரப்பிலிருந்தும் ஆட்களைத் தெரிந்தெடுத்தே புதிய கெர்ரி அணி உருவாயிற்று. சமரசக் கூட்டமோ பொது மன்னிப்புக் கோரலோ நடந்து அணி உருவாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது; யார் பந்தை நன்றாகப் பிடிக்கிறார் என்ற கேள்வி மட்டுமே வெளிப்படையாகக் கேட்கப்பட்டது, மற்றவை பேசப்படவில்லை. எஞ்சிய கைதிகள் விடுவிக்கப்படாததைக் கண்டித்து 1923ஆம் ஆண்டுக்கான இறுதியாட்டத்தை ஆட அணி மறுத்ததும், அது 1924 செப்டம்பருக்குத் தள்ளிப்போய் டப்ளின் வென்றதும் இதே காலத்து நிகழ்வுகள்.

இவ்வணியின் இரு முனைகளாக இருவரைச் சொல்லலாம். டிராலிப் பகுதிக் குடியரசுப் படையின் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஜோ ஷீஹி முன்கள ஆட்டக்காரர். சுதந்திர அரசுப் படையில் கேப்டனாக இருந்த கான் பிராஸ்னன் நடுக்களத்தவர். ஷீஹி தேடப்படும் ஆளாக இருந்தபோது, அவர் லிமரிக்குக்கு வந்து மன்ஸ்டர் மாகாண ஆட்டம் ஒன்றில் ஆடிவிட்டுத் தடையின்றித் திரும்பிச் செல்லப் பிராஸ்னன் வழிசெய்தார் என்பது கெர்ரியில் இன்றுவரை சொல்லப்படும் செய்தி. சொல்லச் சொல்ல மெருகேறும் இத்தகைய செய்திகளை வரலாற்றாசிரியர் எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், 1925 ஏப்ரலில் நடந்த 1924ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் இருவரும் சேர்ந்து ஆடியதும், கெர்ரி நான்கு புள்ளிகளுக்கு மூன்று என்ற கணக்கில் டப்ளினை வென்றதும் ஐயமற்றவை.

1931இல் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. அரசின் சிறையில் இருந்து மீண்ட குடியரசுவாதியான ஜோ பாரெட், 1929இல் கெர்ரிக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்றவர்; அவர் சார்ந்த டிராலிக் கழகம் மாவட்ட வாகையராக இருந்தமையால் 1931லும் தலைமை அவருக்கே உரியதாயிற்று. அதை அவர் பிராஸ்னனுக்கு விட்டுக்கொடுத்தார். கழகத்தவர் பலருக்கு இது கசந்தது, பாரெட் பின்வாங்கவில்லை. பிராஸ்னனின் தலைமையில் கெர்ரி கில்டேரை வென்று தொடர்ந்து மூன்றாம் முறையாக வாகை சூடியது. மறு ஆண்டு பாரெட்டே தலைவராகி நான்காவதையும் சேர்த்தார். தேர்வாளர் குழு ஒன்று பிராஸ்னனை நியமித்திருந்தால் அது ஒரு தரப்பின் வெற்றியாகப் பார்க்கப்பட்டிருக்கும். தலைமை ஒரு கழகத்தின் உடைமையாக இருந்ததாலேயே அதை ஒரு மனிதர் கொடையாகத் தர முடிந்தது. கால்பந்து கெர்ரியின் போர்ப் புண்ணை ஆற்றியது என்று பின்னாளில் பலர் எழுதியிருப்பது சற்று மிகைதான். தேர்தல் களத்தில் பிளவு பல்லாண்டு நீடித்தது, பாலிசீடியைப் பற்றிக் குடும்பங்கள் பேசாமலே இருந்தன. ஆற்றியது என்பதைவிட, ஆறாத புண்ணோடு சேர்ந்து இயங்க ஓர் இடத்தைக் கொடுத்தது என்பதே சரியான கணிப்பு.

அந்த இடத்துக்கு நாள்தோறும் உருக்கொடுத்தது கூட்டுப் பயிற்சி என்ற முறை. இறுதியாட்டத்துக்கு முன்பு ஆட்டக்காரர்கள் தொழிலை விட்டுச் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கி, சேர்ந்து உண்டு, சேர்ந்து நடந்து, சேர்ந்து பயில்வதை இது குறித்தது. 1913இல் லௌத்தோடு ஆடிய புகழ்பெற்ற ஆட்டங்களுக்காகவே கெர்ரிக்காரர்கள் நிதி திரட்டி இதனைக் கைக்கொண்டிருந்தனர். 1924 முதல் இதை ஒழுங்குபடுத்தியவர் கில்லார்னி மனநல மருத்துவமனையின் மருத்துவரான ஏமன் ஓ'சலிவன். 1962 வரை அவர் பயிற்றுவித்த கெர்ரி அணிகள் எட்டு அயர்லாந்துப் பட்டங்களை வென்றன. ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்குரிய பகுதியை விட்டு அலையாமல் ஆட வேண்டும் என்பதும், அடுத்தவர் தம் பகுதியைக் காப்பார் என்று நம்ப வேண்டும் என்பதும் அவருடைய கோட்பாடு. 1958இல் அவர் வெளியிட்ட நூலில் இது விரிவாக விளக்கப்பட்டுள்ளது. அரசியலில் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் களத்தில் நம்புவதற்கு, நம்பிக்கையின் எல்லையை இவ்வாறு சுருக்கிக்கொடுத்தது உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

வேலையை விட்டு வந்து தங்குவோரின் செலவையும் இழந்த கூலியையும் யாரேனும் ஈடுசெய்ய வேண்டியிருந்ததால், இம்முறை ஊதியமற்ற ஆட்டம் என்ற கொள்கைக்கு முரணானது என்ற வாதம் வலுத்து, 1954இல் சங்கத்தின் மாநாடு கூட்டுப் பயிற்சியைத் தடைசெய்தது. தடைக்கு மறு ஆண்டிலேயே ஓ'சலிவனின் கெர்ரி, டப்ளினை மூன்று புள்ளிகளில் வென்று மீண்டும் பட்டம் பெற்றது. அவ்வணியின் முன்களத்தில் ஷீஹியின் மகன் பாடியும் பிராஸ்னனின் மகன் ஜிம்மும் சேர்ந்து ஆடினர்.