சிகிரியா ஓவிய மகளிரின் உடை

மாத்தளை மாவட்டத்தில் உள்ள சிகிரியாக் குன்றின் மேற்குமுகப் பாறைக் குடைவில் எஞ்சியுள்ள பெண் ஓவியங்கள் முதலாம் காசியப்பன் (ஆட்சி 477–495) காலத்தவை. இன்று இருபது உருவங்களுக்குச் சற்று அதிகமாகவே காண முடிகிறது. மகுடம், குழை, அடுக்கு மாலை, தோள்வளை, கையில் மலர் என அணிகள் நிறைந்த இம்மகளிர் இடுப்புக்கு மேல் ஆடையற்றவர்கள் என்பதே பரவலான எண்ணம். அது பிழை என்றே கருத வேண்டியுள்ளது. இங்கே 1894 முதல் ஆய்வு நடத்திய தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல், மிக மெல்லிய துணியில் தைத்த சட்டையைச் சில உருவங்களில் ஓவியர் சற்று அடர்ந்த ஒற்றைக் கோட்டினால் மட்டும் காட்டியிருப்பதைக் கவனித்தார். கழுத்தோரத்திலும் கையோரத்திலும் விளிம்பு வரைந்தவர் வெறும் மேனியை வரைந்திருக்க முடியாது. தோழியர் எனக் கொள்ளப்படும் கருநிற மகளிரோ மார்புக் கச்சை அணிந்திருக்கிறார்கள். தலைவிக்கு ஊடு தெரியும் துகில், பணிப்பெண்ணுக்குக் கெட்டிக் கச்சை: உடலை மறைப்பதைவிடத் தகுதியைக் காட்டுவதே இந்த உடையின் வேலையாக இருந்திருக்கிறது.

இவர்கள் அரசியர் அல்லர், அப்சரசுகள் என்றார் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி. உருவங்கள் இடுப்போடு மேகத்தில் மறைவது அவர் கருத்துக்கு வலுவான ஆதாரம். அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்குச் செல்லும் அரச மகளிர் என்ற பெல்லின் விளக்கத்தைவிட அதுவே பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் இதை எப்படி அரசவை உடை என்பது? வானமகளிரை உடுத்திப் பார்க்க ஓவியருக்குத் தெரிந்த மிக உயர்ந்த கோலம் அரண்மனையில்தானே இருந்தது! உடலை மறைக்காத உடை தகுதியைக் காட்டுவது 1930களின் ஹாலிவுட்டிலும் நடந்தது. ‘டின்னர் அட் எயிட்’ (1933) படத்தில் ஜீன் ஹார்லோவுக்கு ஏட்ரியன் வடிவமைத்த வெண் சாட்டின் மாலை அங்கி, துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி உடலோடு ஒட்டத் தைத்தது. அதை எவரும் ஆடையின்மை என்று கொள்ளவில்லை. விருந்துக்குரிய செல்வக் கோலமாகவே கண்டார்கள். சிகிரியாவில் காணும் அவ்வளவு மெல்லிய துணி காசியப்பன் காலத்தில் உண்டா என்றும் கேட்கலாம். அரவின் உரியை ஒத்த, நூலிழை கண்ணுக்குப் புலப்படாத ஆடையைப் பொருநராற்றுப்படை அதற்கும் முன்பே பேசுகிறது. சீனப் பட்டு இலங்கைக்கு வந்ததை 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் கொஸ்மாஸ் எழுதிவைத்தார்.

1967இல் விஷமிகள் சாயம் பூசி இவ்வோவியங்களைச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சி அவற்றைச் சீரமைத்தார். மயிரிழைக் கோடுகளை நம்பி நிற்கும் ஆய்வுக்கு, பெல்லுக்காக 1896–97இல் டி. ஏ. எல். பெரேரா குடைவிலேயே இருந்து தீட்டிய எண்ணெய் வண்ணப் படிகள், சிதைவுக்கு முந்தைய சாட்சியாகக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.